கிராமத்துத் தொகுதி எம்.எல்.ஏ.: மனு எழுதும் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரூர் பக்கம் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் எடுத்து, மனு எழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டா, முதியோர் உதவித்தொகை, போர்வெல், பஸ் நிற்கவில்லை, டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது என்று தினமும் எழுதுகிறேன். நாலில் ஒரு மனுவாவது எம்.எல்.ஏ. பெயருக்குத்தான் போகும். எழுதும்போதே பக்கத்தில் நின்று ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். பல வருடமாகக் கேள்விகள் பெரிதாக மாறவில்லை. அதனால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். 2004 வரை நாம் ஒரே மாவட்டம்தானே.

நம்ம பக்கம் மொத்தம் எத்தனை எம்.எல்.ஏ.?

பதினொன்று. தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என ஐந்து. கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என ஆறு. இதில் அரூரும் ஊத்தங்கரையும் பட்டியல் இனத்தவருக்கான தனித் தொகுதிகள். வயதானவர்கள் இன்னும் "மொரப்பூர் தொகுதி", "காவேரிப்பட்டணம் தொகுதி" என்பார்கள். 2008இல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது அவை போய்விட்டன.

எம்.எல்.ஏ.வுக்கு நிற்க என்ன தகுதி? படிப்பு வேண்டாமா?

வேண்டாம். 25 வயது முடிந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அரசுச் சம்பளம் வாங்கும் வேலையில் இருந்தால் ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 5,000. செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டீக்கடையில் "அவருக்கு எத்தனை ஏக்கர் தெரியுமா" என்று சண்டை போடுகிறவர்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, அது காகிதத்துக்கு. நிஜத்தில் ஒருவர் எப்படி எம்.எல்.ஏ. ஆகிறார்?

நான் பார்த்த வரைக்கும் ஒரே பாதைதான், ஆள்தான் வேறு வேறு. முதலில் கிளைச் செயலாளர். ஊரில் கொடிக்கம்பம் நடுவது, தலைவர் பிறந்தநாளுக்கு இனிப்பு கொடுப்பது, தேர்தலன்று பூத்தில் உட்காருவது. அப்புறம் ஊராட்சித் தலைவர், அல்லது கூட்டுறவுச் சங்கம், பால் சொசைட்டி. அப்புறம் ஒன்றியக் கவுன்சிலர். ஒன்றியச் செயலாளர் ஆகிவிட்டால் பாதி எம்.எல்.ஏ. ஆன மாதிரி. கட்சித் தலைமை ஆளைத் தேடும்போது முதலில் ஒன்றியச் செயலாளரைத்தான் கேட்கும். இதற்கு இருபது வருடம் போகும். தளியிலோ பென்னாகரத்திலோ இடதுசாரிகள் ஜெயித்திருக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் விவசாயிகள் சங்கம், நிலப் பிரச்சினை, கூலிப் பிரச்சினை என்று இன்னொரு ஏணி இருக்கிறது.

குறுக்கு வழி இரண்டு உண்டு. ஒன்று, அப்பா எம்.எல்.ஏ.வாக இருப்பது. 2010இல் பென்னாகரம் இடைத்தேர்தல் வந்தது, உறுப்பினர் பெரியண்ணன் இறந்ததால். தி.மு.க. அவர் மகன் இன்பசேகரனை நிறுத்தியது, ஜெயித்தார். எதிரே நின்ற பா.ம.க. வேட்பாளர், அந்தக் கட்சித் தலைவர் ஜி.கே. மணியின் மகன். இரண்டாவது வழி, பணம். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டப்படி ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம். படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

வெளியூர்ப் பெரிய தலைவர் நம் தொகுதியில் நின்றால் நல்லதுதானே?

பர்கூரைக் கேளுங்கள். 1991இல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கயத்திலும் நின்று இரண்டிலும் ஜெயித்தார், பர்கூரை வைத்துக்கொண்டார். முதலமைச்சரின் தொகுதி! 1996இல் அதே பர்கூரில் தி.மு.க.வின் இ.ஜி. சுகவனத்திடம் எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். சுகவனம் பின்னால் கிருஷ்ணகிரி எம்.பி.யும் ஆனார்.

அந்தத் தோல்விக்கு மாநிலம் முழுக்க அடித்த அலைதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்துக்காரன் பார்வையில் இன்னொன்றும் உண்டு. வீட்டுக் கதவைத் தட்ட முடியாத எம்.எல்.ஏ. அவனுக்கு எம்.எல்.ஏ.வாகவே தோன்ற மாட்டார். 2016இல் பென்னாகரத்தில் பா.ம.க.வின் முதலமைச்சர் வேட்பாளராகவே அன்புமணி ராமதாஸ் நின்றார். இன்பசேகரன்தான் ஜெயித்தார். மறுபக்கம் பாலக்கோட்டைப் பாருங்கள். அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன் 2001இல் இருந்து 2021 வரை ஐந்து தேர்தலையும் தொடர்ந்து ஜெயித்தார். இரண்டு கட்சியும் மாறி மாறி ஆட்சிக்கு வந்த காலம் அது. அலை எந்தப் பக்கம் அடித்தாலும் அவர் நின்றிருக்கிறார். கட்சி பிடிக்காதவர்கள்கூட, அந்தக் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நாளில் என்ன வேலை?

காலை ஆறு மணிக்கே வீட்டு வாசலில் ஆள் நிற்கும். காட்டுக்கொட்டாயில் (நிலத்துக்கு நடுவே தனித்தனியாக இருக்கும் வீடுகளில்) இருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். ஒருவர் மகனுக்குக் காலேஜ் சீட்டுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பார். ஒரு அம்மா விதவை உதவித்தொகை நின்றுபோனதைச் சொல்வார். ஒரு டீச்சருக்குப் பக்கத்தில் இடமாற்றம் வேண்டும். இரண்டு பேர் பங்காளித் தகராறில் ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொல்வார்கள். அந்த இரண்டு பேருமே இவருக்கு ஓட்டுப் போட்டவர்களாக இருப்பார்கள். எல்லாரிடமும் "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மனுவைப் பி.ஏ. கையில் கொடுப்பார். அந்தப் பி.ஏ. யார் என்பது முக்கியம். நல்ல பி.ஏ. இருந்தால் சுமாரான எம்.எல்.ஏ.வும் பெயர் வாங்கிவிடுவார்.

ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். ஆவணி, தை மாத வளர்பிறை என்றால் ஒரே நாளில் பதினைந்து கல்யாணம், நடுவே இரண்டு காதுகுத்து, ஒரு புதுமனை. எங்கேயும் உட்கார மாட்டார். மாலை போடுவார், மொய் வைப்பார், போட்டோ, கிளம்பு. அப்புறம் எங்காவது சிமென்ட் ரோட்டுக்குப் பூமி பூஜை. கிருஷ்ணகிரி பக்கம் என்றால் எருது விடும் விழாவைத் தொடங்கி வைக்க வேண்டும். ராத்திரி திருவிழாவில் தெருக்கூத்து மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கூத்து பார்க்க வந்தவர்கள் அந்த ஐந்து நிமிடமும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நடுவில் சாவு. எங்கள் கடைக்கு வரும் ஒரு ஒன்றியச் செயலாளர் சொல்வார்: "கல்யாணத்துக்கு வரலைன்னா மறந்துடுவாங்க. சாவுக்கு வரலைன்னா அடுத்த எலெக்ஷன் வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாங்க." அன்றைக்கு வர முடியாவிட்டால் கருமாதிக்காவது வந்தே ஆக வேண்டும்.

சட்டமன்றம் நடக்கும்போது இதெல்லாம் நிற்கும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை. இல்லாவிட்டால் கார். தர்மபுரியில் இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். ஓசூர்க்காரருக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர், சட்டமன்றம் 300க்கு மேல்.

சட்டமன்றத்தில் அப்படி என்ன செய்கிறார்? மேஜையைத் தட்டுவதுதானே?

தட்டுவதும் உண்டு. ஆனால் அவருடைய உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது; இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. சாலை போடுவது எம்.எல்.ஏ.வின் வேலை என்று நினைக்கிறோம். அவர் வேலை கேட்பது. வினா நேரத்தில் எழுந்து, "பாலக்கோட்டுத் தக்காளிக்குக் குளிர்பதனக் கிடங்கு வருமா" என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றால் துறைச் செயலாளர் கலெக்டரிடம் விவரம் கேட்பார், கலெக்டர் கீழே கேட்பார். இரண்டு வருடம் தூங்கிய கோப்பு அந்த வாரத்தில் எழுந்து உட்காரும். துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், அவசரப் பிரச்சினைக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம், மசோதாவில் திருத்தம் கேட்கலாம். கேட்டது, அமைச்சர் சொன்னது எல்லாம் அவைக்குறிப்பில் ஏறிவிடும். "செய்து தரப்படும்" என்று அமைச்சர் அவையில் சொன்னால் அதைத் தொடர்ந்து பார்க்கவே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது.

2022 ஜனவரியில் இருந்து வினா நேரத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள். உங்கள் எம்.எல்.ஏ. வாயைத் திறந்தாரா என்று செல்போனிலேயே பார்க்கலாம். கல்யாணத்துக்கு வந்தாரா என்று கணக்கு வைக்கிற ஊர், இந்தக் கணக்கையும் வைத்தால் தேவலை.

தமிழ் சரியாக வராத எம்.எல்.ஏ. என்ன செய்வார்?

ஓசூர், தளி, வேப்பனஹள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அங்கே ஓட்டுக் கேட்கப் போகிறவருக்கு மூன்று மொழியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தெருவில் மூன்றும் வரும். ஓசூரில் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்த காங்கிரஸின் கே. கோபிநாத், 2024இல் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனபோது தெலுங்கில்தான் பதவிப் பிரமாணம் எடுத்தார். தமிழில் தடுமாறுவது அங்கே குறையே இல்லை.

தொகுதி நிதி மூன்று கோடி அவர் கையில் வருமா?

ஒரு ரூபாய்கூட வராது. இந்தக் கேள்விக்கு மட்டும் தனியாக ஒரு போர்டு எழுதி மாட்டலாம் என்று இருக்கிறேன். ஆண்டுக்கு 3 கோடி ஒதுக்குவது அரசு. எம்.எல்.ஏ. செய்வது பரிந்துரை: இந்த ஊரில் நிழற்கூடம், அந்தப் பள்ளியில் வகுப்பறை, இங்கே சிறு பாலம். ஒன்றிய இன்ஜினியர் மதிப்பீடு போடுவார், கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார், டெண்டர் விடுவார்கள், பில் பணம் ஒப்பந்ததாரருக்குப் போகும். கோயில் கட்ட இந்தப் பணத்தை எடுக்க முடியாது, தனியார் நிலத்திலும் செலவழிக்க முடியாது. நடுவில் யார் யாருக்கு என்ன போகிறது என்பது வேறு கதை. அதை மனுவில் எழுதச் சொல்லி என்னிடம் வருகிறவர்களும் உண்டு.

பெரிய தொகை மாதிரி தெரியும். ஒரு தொகுதியில் எத்தனை ஊராட்சி, ஒவ்வொன்றிலும் எத்தனை கொட்டாய் என்று எண்ணிப் பாருங்கள். நம் பக்கம் ஊர் சேர்ந்தாற்போல் இருக்காது. நிலத்துக்கு நடுவில் நாலு வீடு, அரைக் கிலோமீட்டர் தள்ளி மூன்று வீடு. ஒவ்வொன்றுக்கும் ரோடு என்றால் மூன்று கோடி ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

சம்பளம் எவ்வளவு?

படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய். 55,000 ஆக இருந்ததை 2018இல் உயர்த்தினார்கள். அரசுப் பேருந்தில் இலவசப் பயணம், சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் அறை, பின்னால் ஓய்வூதியம். மேலே சொன்ன பதினைந்து கல்யாணத்தின் மொய்க் கணக்கைப் போட்டால், வெறும் சம்பளத்தில் கிராமத்து எம்.எல்.ஏ. வாழ முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மொய்யை எதிர்பார்ப்பதும் நாம்தான், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் நாம்தான்.

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் தொகுதிக்கு ஒன்றும் வராதா?

2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. தர்மபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதியில் ஒன்றுகூட அந்தக் கூட்டணிக்கு இல்லை, மூன்று அ.தி.மு.க., இரண்டு பா.ம.க. கிருஷ்ணகிரித் தொகுதியில் 794 ஓட்டில் அ.தி.மு.க. ஜெயித்தது. அப்போது ஊரெல்லாம் இந்தப் பேச்சுதான். தொகுதி நிதி கட்சி பார்க்காது, எல்லாருக்கும் ஒரே தொகை. 2022 ஆகஸ்டில் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்தில் 234 உறுப்பினர்களிடமும் தலா பத்துக் கோரிக்கை கேட்டார்கள். ஆனால் அமைச்சர் அறைக்குள் சட்டென்று போக முடிவதும், அதிகாரி போனை முதல் மணியில் எடுப்பதும் ஆளுங்கட்சிக்குத்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒகேனக்கல் தண்ணீரை யார் கொண்டுவந்தது?

இந்தக் கேள்வியால் எங்கள் கடையில் நாற்காலி உடைந்திருக்கிறது. நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் மஞ்சளாகக் கறைபட்டு, எலும்பு வளைந்தவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். பல கட்சி உறுப்பினர்கள் பல வருடம் கேட்ட திட்டம் அது. 2008 பிப்ரவரியில் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அடிக்கல் நாட்டினார்கள். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு. ஜப்பானியக் கடன் உதவியோடு 1,928 கோடி ரூபாயில் வேலை நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கி வைத்தார். ஆகவே தி.மு.க.காரர் சொல்வதும் சரி, அ.தி.மு.க.காரர் சொல்வதும் சரி. இதைத் தனி எம்.எல்.ஏ. யாரும் கொண்டுவரவில்லை. விடாமல் கேட்டவர்கள் இருந்தார்கள். உங்கள் கொட்டாய்க் குழாயில் அந்தத் தண்ணீர் வருகிறதா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. அதற்கு மனு எழுத நான் தயார்.

அநியாயம் நடந்தால் எம்.எல்.ஏ.வால் தட்டிக் கேட்க முடியுமா?

வாச்சாத்தி எங்கள் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. அன்றைய அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும்தான் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பர் 29 தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரூர் தொகுதி 2006, 2011 இரண்டு தேர்தலிலும் மார்க்சிஸ்ட் கட்சியின் பி. டில்லிபாபுவை அனுப்பியது. பதவி மட்டும் இருந்தால் தட்டிக் கேட்டுவிட முடியாது. பின்னால் ஒரு சங்கம், வழக்கறிஞர்கள், வாயை மூடாத ஊர் ஆட்கள் எல்லாம் வேண்டியிருந்தது.

எம்.எல்.ஏ. பதவி நடுவில் போகுமா?

போகும். 2017 செப்டம்பரில் 18 அ.தி.மு.க. உறுப்பினர்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார், கட்சித் தாவல் தடைச் சட்டத்தில். அதில் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் உண்டு. இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரலில், முடிவு மே மாதம். இருபது மாதம் எங்களுக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு" என்ற வரியையே நான் எழுதவில்லை. எல்லா மனுவும் கலெக்டருக்குப் போனது. வியாபாரம் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதித்தாலும் பதவி போகும். ஓசூருக்கு அப்படித்தான் அதே நாளில் இடைத்தேர்தல் வந்தது. நம் பதினொன்றில் மூன்று தொகுதிக்கு ஒரே நாள் ஓட்டு.

பெண்கள்?

2021இல் பதினொன்றில் ஒருவரும் இல்லை. அதற்கு முன் ஊத்தங்கரையில் மனோரஞ்சிதம் 2011, 2016 இரண்டு முறை அ.தி.மு.க.வில் ஜெயித்திருக்கிறார். ஊராட்சித் தலைவர் பதவியில் பாதி பெண்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு சட்டமன்ற இடங்களுக்கான சட்டத் திருத்தம் 2023இல் நிறைவேறியது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமலுக்கு வரும் என்று எழுதிவிட்டார்கள்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் வேலை நடக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் அது அவருக்குப் போக வேண்டிய மனுவா என்று பாருங்கள். மொரப்பூர் – தர்மபுரி ரயில் பாதை கேட்டு எம்.எல்.ஏ.வுக்கு எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதை 1941இல் நின்றது, 2019இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். ரயில் மத்திய அரசு, எம்.பி.யிடம் போங்கள். பட்டா மாற்றம் தாலுகா ஆபீஸ். தெருவிளக்கு ஊராட்சி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும்.

எம்.எல்.ஏ.வுக்கு என்றால் ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். ஐந்து கோரிக்கை எழுதினால் ஐந்தும் போகும். ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகல், பதிவு எண் சேருங்கள். ஊர்க் கையெழுத்து வாங்கும்போது எதிர்க்கட்சிக்காரர்களிடமும் வாங்குங்கள். கல்யாண வீட்டில் கொடுக்காதீர்கள். சட்டைப் பையில் போவது துணியோடு சலவைக்குப் போய்விடும். தொகுதி அலுவலகத்தில் பி.ஏ. கையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். சட்டமன்றம் கூடுவதற்கு ஒரு மாதம் முன்னால் கொடுத்தால், வினாவாக எழுதிக் கொடுக்க அவருக்கும் நேரம் இருக்கும்.

தோற்ற பிறகு எம்.எல்.ஏ. என்ன ஆவார்?

சிலர் அடுத்த சீட்டுக்கு அலைவார்கள். சிலர் மாந்தோப்புக்குத் திரும்பிவிடுவார்கள். வாசலில் ஆறு மணிக் கூட்டம் ஒரே வாரத்தில் இடம் மாறிவிடும். ஆனால் முகூர்த்தப் பத்திரிகை மட்டும் நிற்காது, "முன்னாள்" என்று போட்டு வரும். எங்கள் ஊரில் ஒரு முன்னாள் இருக்கிறார். போன மாதம் கடைக்கு வந்து, தன் போர்வெல்லுக்கு மின் இணைப்பு கேட்டு மனு எழுதச் சொன்னார். யார் பெயருக்கு எழுத என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இ.பி. ஆபீஸுக்கே எழுதுப்பா" என்றார்.